மிஞ்சிய ஒயினை வாங்கி, கலந்து, விற்பது: நெகோசியான் தொழிலின் அடிப்படை

ஜூலை பிறந்ததும் கலிபோர்னியாவின் ஒயின் ஆலைகளில் தொட்டிக் கணக்கு பார்க்கத் தொடங்குவார்கள். ஆகஸ்டில் புதுத் திராட்சை வந்து இறங்கும். அது நொதிக்கத் தொட்டி வேண்டும். போன ஆண்டு ஒயினே இன்னும் தொட்டியில் கிடந்தால் புதுச் சரக்கை எங்கே கொட்டுவது? அப்போதுதான் தரகருக்கு ஒரு போன் போகும்: இத்தனை ஆயிரம் கேலன் கேபர்னே திராட்சைச் சிவப்பு ஒயின் இருக்கிறது, விலை பேசிக்கொள்ளலாம், ஆனால் எங்கள் பெயர் வெளியே வரக் கூடாது.

அந்த ஒயினை வாங்கி, தேவைப்பட்டால் வேறு ஒயின்களோடு கலந்து, தன் லேபிளை ஒட்டி விற்பவரை நெகோசியான் என்பார்கள். பிரெஞ்சு மொழியில் வணிகர் என்று பொருள். இவருக்குத் திராட்சைத் தோட்டம் வேண்டாம், பிழியும் எந்திரம் வேண்டாம். சொந்தமாக ஒரு தொட்டிகூட இல்லாமல், அடுத்தவர் ஆலையில் வாடகைக்கு இடம் பிடித்தே ஓட்டுகிறவர்கள் உண்டு. டீத்தூளைப் பல தோட்டங்களிலிருந்து வாங்கிக் கலந்து தன் பெயரில் பாக்கெட் போடும் வியாபாரியை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

தொழில் பழையது. பிரான்சின் பர்கண்டியில் பூஷார் நிறுவனம் 1731லிருந்தும் லூயி லத்தூர் குடும்பம் 1797லிருந்தும் இதில் இருக்கின்றன. அங்கே வாரிசுகளுக்குச் சொத்தைச் சமமாகப் பிரிக்கும் சட்டத்தால் தோட்டங்கள் துண்டு துண்டாகிவிட்டன. க்ளோ த வூஜோ என்ற ஒரே தோட்டம் சுமார் 50 ஹெக்டேர். அதற்கு 80 உடைமையாளர்கள் அளவில் இருக்கிறார்கள். நாலு வரிசைக் கொடி வைத்திருப்பவரால் இரண்டு மூன்று பீப்பாய்தான் எடுக்க முடியும். அதைப் பாட்டிலில் அடைத்து வெளியூரில் விற்கவா முடியும்? பல பேரிடம் வாங்கிச் சேர்த்து விற்க ஒரு வணிகர் தேவைப்பட்டார்.

கலிபோர்னியாவின் கதை வேறு. அங்கே வணிகரைக் கொண்டுவந்தது சிறு உடைமை அல்ல, உபரி. ஃபிரெட் ஃபிரான்சியாவின் பிராங்கோ நிறுவனம் 'சார்ல்ஸ் ஷா' என்ற பழைய லேபிளை வாங்கி வைத்திருந்தது. 2002ல், ஒயின் தேங்கிக் கிடந்த சமயத்தில், டிரேடர் ஜோஸ் கடைகளில் அந்தப் பாட்டிலை 1.99 டாலருக்கு இறக்கியது. அதே காலத்தில் கேமரன் ஹ்யூஸ் வேறு வழியில் போனார்: விலை உயர்ந்த ஆலைகளின் மிச்சத்தை வாங்கி, ஆலையின் பெயரைச் சொல்லாமல், லேபிளில் லாட் (சரக்குத் தொகுதி) எண் மட்டும் போட்டு விற்றார். இரண்டும் ஒரே தொழில்தான். சரக்கின் தரம்தான் வேறு.

நல்ல ஒயின் ஏன் மலிவாகக் கிடைக்கிறது?

இந்தத் தொழிலில் முதலும் முடிவுமான கேள்வி இது. விற்பவர் சொல்லும் பதிலை நம்பி வாங்குகிறவர் ஒரு வருடம் தாங்க மாட்டார். பதிலைத் தானே கண்டுபிடிக்க வேண்டும்.

நியாயமான காரணங்கள் நிறைய உண்டு. திராட்சைக் கொடி நட்டால் காய்ப்புக்கு வர மூன்று ஆண்டு. பிறகு 25 ஆண்டு, அதற்கு மேலும் காய்க்கும். குடிப்பவரின் விருப்பம் அத்தனை மெதுவாக மாறுவதில்லை. ஆகவே நடும்போது இருந்த தேவை காய்க்கும்போது இருக்காது. இதோடு ஒரு கொழுத்த விளைச்சலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2018ல் கலிபோர்னியாவில் ஒயினுக்காகப் பிழியப்பட்ட திராட்சை 40 லட்சம் டன்னைத் தாண்டியது. அடுத்த ஆண்டே பல்க் ஒயின், அதாவது பாட்டிலில் அடைக்காமல் தொட்டியிலிருந்து மொத்தமாக விற்கும் ஒயின், விலை சரிந்தது.

இன்னொரு காரணம் கலவையிலேயே இருக்கிறது. பெரிய ஆலை ஒன்று பத்துத் தோட்டப் பகுதிகளைத் தனித்தனியாக நொதிக்க வைத்து, கடைசியில் ஏழு பகுதிகளின் ஒயினை மட்டும் தன் முதல் தர ஒயினுக்கு எடுக்கும். மீதி மூன்று கெட்டுப்போனவை அல்ல, அந்தக் கலவைக்குள் பொருந்தவில்லை, அவ்வளவுதான். 80 டாலர் பாட்டில் விற்கும் ஆலை அதையே தன் லேபிளில் 20 டாலருக்குப் போட்டால் 80 டாலர் பாட்டிலை அப்புறம் யார் வாங்குவார்? பெயரைச் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது இதற்காகத்தான். அது ஏதோ கள்ளத்தனம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். பெயர் ரகசியமாக இருப்பதால்தான் விலை இறங்குகிறது. பெயரைச் சொல்லலாம் என்றால் அந்த விலைக்குக் கிடைக்காது.

இனி, கெட்ட காரணங்கள். ஆவியாகும் அமிலம் ஏறியிருக்கலாம்: முகர்ந்தால் வினிகர் வாடையும் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடையும் வரும். பிரெட்டனோமைசிஸ் (சுருக்கமாகப் பிரெட்) என்ற காட்டு ஈஸ்ட் பீப்பாய்க்குள் புகுந்திருக்கலாம்: குதிரைத் தொழுவம், காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி, இந்த வகை வாடை. நொதித்தல் பாதியில் நின்று சர்க்கரை மிஞ்சியிருக்கலாம். எல்லாவற்றையும்விட நயவஞ்சகமானது காட்டுத்தீப் புகை. 2020 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கலிபோர்னியாவின் நாபா, சொனோமா பக்கம் தீ பரவியபோது திராட்சை இன்னும் கொடியில் இருந்தது. புகையின் வாடைப் பொருள்கள் பழத்துக்குள் சர்க்கரையோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது மூக்குக்கு எதுவும் தெரியாது. மாதங்கள் போகப் போகப் பாட்டிலுக்குள் அவை பிரிந்து வெளியே வரும். வாயில் வைத்தால் எச்சிலும் பிரித்துவிடும். சாம்பல் கிண்ணத்தை நக்கிய மாதிரி கடைசியில் ஒரு கசப்பு நிற்கும். அதனால் அந்த ஆண்டுச் சிவப்பு ஒயினுக்குத் தனியாக நிற்கும் குவாயகோல் என்ற புகை வாடைப் பொருளை மட்டும் அளந்தால் போதாது, சர்க்கரையோடு ஒட்டியிருப்பதையும் அளக்கச் சொல்ல வேண்டும்.

அளவும் சாம்பிளும்

பல்க் ஒயினுக்கு அமெரிக்காவில் விலை கேலன் கணக்கில். ஒரு கேலன் 3.785 லிட்டர், அதாவது 750 மி.லி. பாட்டிலில் ஐந்துக்குச் சற்று மேல். பன்னிரண்டு பாட்டில் கொண்ட ஒரு கேஸ் 9 லிட்டர், கிட்டத்தட்ட 2.38 கேலன். 225 லிட்டர் பீப்பாய் ஒன்றில் 25 கேஸ் வரும். யாராவது கேலனுக்கு விலை சொன்னதும் மனசுக்குள் ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலுக்குள் போகும் ஒயினின் விலை தெரிந்துவிடும்.

லேபிள் ஒட்டாமல் ஏற்கெனவே பாட்டிலில் அடைத்து வைத்த சரக்கும் சந்தைக்கு வரும். இதை ஷைனர் என்பார்கள். கலக்க முடியாது, திருத்த முடியாது. பிடித்தால் லேபிள் ஒட்டி விற்கலாம். கைமுதல் குறைவாக இருப்பவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

தொட்டி ஒயினுக்குத் தரகர் சாம்பிள் அனுப்புவார். தரகுக் கூலியை வழக்கமாக விற்பவர் தருவார், ஆகவே தரகர் யார் பக்கம் என்பதை மறக்க வேண்டாம். சாம்பிள் பாட்டிலில் தொட்டி எண், எடுத்த தேதி, மொத்தக் கேலன் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். வந்த அன்றே பாதியை ஆய்வகத்துக்கும் பாதியை நாக்குக்கும் கொடுங்கள். தொட்டியை விட்டு வந்த ஒயின் சின்னப் பாட்டிலில் வேகமாகக் காற்றேறும். ஒரு வாரம் மேசையில் கிடந்த சாம்பிளைச் சுவைத்து முடிவெடுப்பதும் முந்தாநாள் சாம்பாரை வைத்துச் சமையலை மதிப்பிடுவதும் ஒன்று.

ஆய்வக அறிக்கையில் கண் முதலில் போக வேண்டிய இடம் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவும் கந்தக டை ஆக்சைடும், இரண்டையும் சேர்த்து. கந்தகம்தான் ஒயினைக் கிருமியிலிருந்தும் காற்றிலிருந்தும் காக்கிறது. ஆனால் எவ்வளவு வேலை செய்யும் என்பதைப் பி.எச். முடிவு செய்கிறது. பி.எச். 3.5 உள்ள சிவப்பு ஒயினுக்குத் தனிக் கந்தகம் (வேறெதோடும் ஒட்டாமல் நிற்கும் கந்தக டை ஆக்சைடு) லிட்டருக்கு 25 மில்லிகிராம் போதும். அதே பாதுகாப்பு பி.எச். 3.8ல் கிடைக்கக் கிட்டத்தட்ட 50 தேவை. வெயிலில் நன்றாகப் பழுத்த நாபா கேபர்னே 3.8ஐ எளிதாகத் தொடும். 'கந்தகம் 28, நன்றாக இருக்கிறது' என்று விற்பவர் சொன்னால், பி.எச். எவ்வளவு என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

அடுத்து ஆவியாகும் அமிலம். அமெரிக்கச் சட்டம் சிவப்பில் லிட்டருக்கு 1.4 கிராம், வெள்ளையில் 1.2 கிராம் வரை விடுகிறது. சட்டம் விட்டாலும் மூக்கு விடாது; 0.7ஐத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். மிச்சச் சர்க்கரையும் மாலிக் அமிலமும் (திராட்சையிலேயே இருக்கும் ஒரு புளிப்பு) எவ்வளவு என்று பார்த்துக் குறித்து வையுங்கள். கலக்கும்போது இவை இரண்டும்தான் வெடிமருந்து.

விலை முடிந்த பிறகு வேறொரு ஆபத்து: சாம்பிளில் சுவைத்த ஒயினும் லாரியில் ஏறும் ஒயினும் ஒன்றாக இல்லாமல் போவது. எப்போதும் ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. பாதித் தொட்டியை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போக, மீதி ஒயின் மேலே காற்று நிறைந்த தொட்டியில் இரண்டு மாதம் நின்றிருக்கும். ஆகவே ஒப்பந்தத்தில் 'ஏற்றும் நாளின் சாம்பிள் முதல் சாம்பிளோடு ஒத்துப்போனால்தான் விற்பனை முடியும்' என்ற வரி வேண்டும். ஆவியாகும் அமிலத்துக்கும் கந்தகத்துக்கும் எண்ணிலேயே வரம்பு எழுத வேண்டும். எடுத்துக்கொள்ளும் கடைசித் தேதி, அதற்கு மேல் நின்றால் மாத வாடகை, பணம் எப்போது என்பனவும் அதே தாளில் வர வேண்டும். டேங்கர் லாரி முன்பு என்ன ஏற்றியது, எப்போது கழுவினார்கள் என்ற சான்றைப் பார்க்காமல் குழாயை மாட்ட விடாதீர்கள். ஒரு டேங்கரில் 6,000 கேலன் அளவுக்குப் போகும். முந்தின ஏற்றத்தின் வாடை அத்தனையையும் கெடுத்துவிடும்.

கலவை மேசை

100 மி.லி. அளவுக் குவளை, பிப்பெட், ஒரே மாதிரி கண்ணாடிகள், ஒரு நோட்டு. கருவி இவ்வளவுதான். அடி ஒயின் எது என்று முதலில் தீர்மானியுங்கள். கேபர்னே என்றால் அதை 100 மி.லி.யாக ஒரு கண்ணாடியில் வைத்துக்கொண்டு, அதன் குறை என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள். 'நடுவில் வெறுமை' என்று எழுதினால் மெர்லோ என்ற வேறொரு சிவப்புத் திராட்சையின் ஒயினை 10 மி.லி. சேர்த்துப் பாருங்கள். 'நிறமும் பிடிப்பும் போதவில்லை' என்றால் பெத்தி வெர்தோ திராட்சையின் ஒயின் 3 அல்லது 5 மி.லி. குறையை எழுதாமல் ஊற்றத் தொடங்கினால் சாயங்காலம் இருபது கண்ணாடியும் சிவந்த பல்லும்தான் மிஞ்சும்.

மாற்றத்தை ஐந்து ஐந்தாகச் செய்து, கண்ணாடிக்கு அடியில் எண் ஒட்டி, வரிசையைக் கலைத்துவிட்டுச் சுவையுங்கள். விலை அதிகமான ஒயின் எந்தக் கண்ணாடியில் இருக்கிறது என்று தெரிந்தால் நாக்கு அதன் பக்கமே சாயும். பிடித்த இரண்டு கலவைகளை மூடி வைத்து மறுநாள் காலையில் மறுபடி பாருங்கள். கலந்த உடனே துள்ளுகிற ஒயின் சில நேரம் விடிந்ததும் சோர்ந்துவிடும்.

கணக்கு சில இடங்களில் நேராக வரும். லிட்டருக்கு 0.9 கிராம் ஆவியாகும் அமிலம் உள்ள 600 கேலனையும் 0.5 உள்ள 1,400 கேலனையும் சேர்த்தால் 0.62 கிடைக்கும். கொஞ்சம் ஏறிய ஒயினைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சுத்தமான ஒயினில் கரைத்துவிடுவது பழைய உத்தி. அளவு மீறாதவரை தவறும் இல்லை. ஆனால் பிரெட் வாடை, புகை, கார்க் பூஞ்சை வாடை மூன்றையும் இப்படிக் கரைக்க நினைப்பது தவறு. கெட்ட ஒயின் குறையாது, நல்ல ஒயின்தான் குறையும். பிரெட் உயிருள்ளது வேறு. புதுத் தொட்டியிலும் பெருகும்.

பி.எச். நேர்க்கணக்குக்கு அடங்காது, கலந்துவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

புதியவர்களைக் கவிழ்ப்பது இதுதான்: தனித்தனியாக நிலையாக இருந்த இரண்டு ஒயின்கள் கலந்ததும் நிலையாக இருக்கும் என்று எண்ணுவது. ஒன்றில் லிட்டருக்கு 5 கிராம் சர்க்கரை இருக்கிறது, ஆனால் நன்கு வடிகட்டியதால் ஈஸ்ட் இல்லை. மற்றதில் சர்க்கரை இல்லை, ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. இரண்டும் சும்மா இருந்தவை. சேர்த்துப் பாட்டிலில் அடைத்தால், கோடையில் ஒரு கடை அலமாரியில் கார்க் மெல்ல மேலே ஏறும். திறந்தால் சோடா மாதிரி நுரைக்கும். மாலிக் அமிலத்துக்கும் பாக்டீரியாவுக்கும் இதே கதை. அதனால் இறுதிக் கலவையில் இந்த இரண்டையும் மறுபடி அளந்து, மிச்சம் இருந்தால் 0.45 மைக்ரான் சவ்வில் வடிகட்டித்தான் அடைக்க வேண்டும்.

ஐந்து லிட்டர் முன்னோட்டக் கலவை ஒன்று செய்து, கொஞ்சத்தை மைனஸ் 4 டிகிரியில் மூன்று நாள் வையுங்கள். அடியில் படிகம் விழுந்தால் தொட்டியிலும் விழும். வெள்ளை ஒயினாக இருந்தால் 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கி ஆறவிட்டு, கலங்குகிறதா என்று பாருங்கள். படிகம் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. கண்ணாடித் தூள் என்று நினைத்து வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவார், அதுதான் நஷ்டம்.

லேபிள் கலவையைக் கட்டுப்படுத்தும் விதம்

நாக்குக்குப் பிடித்த கலவையைச் சட்டம் அப்படியே விடாது. அமெரிக்காவில் லேபிளில் ஒரு திராட்சையின் பெயர் போட்டால் 75 சதவீதம் அந்தத் திராட்சையாக இருக்க வேண்டும். நாபா வேலி போன்ற அங்கீகரித்த விளைபகுதியின் பெயர் போட்டால் 85 சதவீதம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும்; அத்தோடு ஆண்டையும் போட்டால் 95 சதவீதம் அந்த ஆண்டின் பழம். மூன்றையும் தனித்தனியாகச் சரிபார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் ஒன்றைத் தவற விடுகிறார்கள். அந்த 75 சதவீதத் திராட்சை முழுவதும் லேபிளில் சொன்ன பகுதியிலேயே விளைந்திருக்க வேண்டும்.

ஒரு கலவையை எடுத்துக்கொள்வோம்: நாபா கேபர்னே 70, நாபா மெர்லோ 16, சொனோமா கேபர்னே 14. நாபா மொத்தம் 86, சரி. கேபர்னே மொத்தம் 84, சரி. ஆனால் நாபாவில் விளைந்த கேபர்னே 70தான். 'நாபா வேலி கேபர்னே' என்று போட முடியாது. வழி இரண்டு. மெர்லோவில் 5 குறைத்து நாபா கேபர்னேயை 75 ஆக்கலாம். அல்லது நாபா, சொனோமா இரண்டையும் உள்ளடக்கும் 'நார்த் கோஸ்ட்' பெயரைப் போடலாம். இரண்டாவதில் கலவை மாறாமல் நிற்கும், ஆனால் விலை இறங்கும். இந்தக் கணக்கைக் கலவை மேசையிலேயே போட்டுவிட வேண்டும். தொட்டியில் ஊற்றிய பிறகு பிரிக்க முடியாது.

அடைத்தவர் யார் என்ற வரியிலும் கவனம். 'புரட்யூஸ்டு அண்ட் பாட்டில்டு பை' என்று போட, 75 சதவீதத்துக்குக் குறையாமல் அவரே நொதிக்க வைத்திருக்க வேண்டும். மிச்ச ஒயின் வாங்கியவர் 'செல்லர்டு அண்ட் பாட்டில்டு பை', 'வின்டட் அண்ட் பாட்டில்டு பை' என்ற சொற்களைத்தான் போடுவார். கடையில் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் இந்த ஒரு வரியே நெகோசியான் சரக்கைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எண்களெல்லாம் காகிதத்தால் நிரூபிக்க வேண்டியவை. பிரான்சில் 2010ல் கார்கசோன் நீதிமன்றம் ஒயின் வணிகத்தில் இருந்த 12 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. சிரா, மெர்லோ ஒயினைப் பினோ நுவார் என்று சொல்லி அமெரிக்காவுக்கு விற்றிருந்தார்கள். அந்தப் பகுதியில் விளைவதைவிட அதிகமான பினோ நுவார் அங்கிருந்து விற்பனையானதுதான் மாட்டிவிட்டது. சந்தை விலையைவிடச் சல்லிசாக ஒரு திராட்சை வகை கிடைத்தால், அந்தத் தோட்டத்தின் எடைச் சீட்டிலிருந்து தொட்டி வரை காகிதம் கேளுங்கள். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

பணம் எங்கே போகிறது

கணக்குக்காக 2,000 கேலனைக் கேலன் 15 டாலருக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முப்பதாயிரம் டாலர். குழாயில், வடிகட்டியில், அடிவண்டலில் 3 சதவீதம் போனால் மிஞ்சுவது 1,940 கேலன். சுமார் 9,790 பாட்டில். பாட்டிலுக்கு ஒயின் விலை 3.06. மத்திய வரி 16 சதவீத ஆல்கஹால் வரை கேலனுக்கு 1.07 டாலர், பாட்டிலுக்கு 21 சென்ட். கண்ணாடி, கார்க், மேல்மூடி, லேபிள், அட்டைப்பெட்டிக்கு 1.75 என்றும், கலக்கி அடைக்கும் கூலி 60 சென்ட் என்றும், லாரி, ஆய்வகம், வாடகைக்கு 40 சென்ட் என்றும் போட்டால் மொத்தம் 6.02 ஆகிறது. ஒயினுக்குச் சமமாக ஒயின் அல்லாதவை தின்கின்றன. கனமான பாட்டில் வேண்டும் என்று ஆசைப்படும் முன் இந்த வரியை ஒரு தரம் பார்க்கலாம்.

இதை விநியோகஸ்தருக்கு 9 டாலருக்குக் கொடுத்தால் அவர் லாபமும் கடையின் லாபமும் ஏறி அலமாரியில் 17, 18 ஆகிவிடும். வரி, சரக்கு உரிமம் பெற்ற கிடங்கை விட்டு விற்பனைக்கு வெளியேறும்போதுதான் விழும். கிடங்கிலிருந்து கிடங்குக்கு மாறும்போது இல்லை. ஆகவே விற்கும் வேகத்துக்கு ஏற்ப வெளியே எடுப்பது பணத்தைக் கட்டிப் போடாமல் காக்கும்.

அடைப்பதிலும் அதே நிதானம் வேண்டும். 2,000 கேலனையும் ஒரே நாளில் அடைத்துவிட்டால் கூலி குறையும் என்று தோன்றும், குறையவும் செய்யும். ஆனால் தொட்டியில் இருக்கும் வரை அது பல்க் ஒயின்: விற்பனை படுத்தால் அதே தரகரிடம் பேசி, வாங்கிய விலையில் பாதிக்காவது தள்ளிவிடலாம். பாட்டிலுக்குள் போய்விட்டால் கண்ணாடிக்கும் கார்க்குக்கும் கொடுத்த பணம் திரும்பாது. லேபிள் ஒட்டிய சரக்கைச் சல்லிசாக இறக்கினால் அடுத்த லாட்டின் விலையும் அதோடு இறங்கும். முதல் தடவை வாங்குகிறவர்கள் பாதியை அடைத்துவிட்டு, மீதியை நிரம்பிய சிறு தொட்டியில், மேலே நைட்ரஜன் போட்டு, மாதம் ஒரு முறை கந்தகம் அளந்துகொண்டு வைத்திருப்பது நல்லது. அடுத்த ஜூலைக்குள் அந்தத் தொட்டியை ஆலைக்காரர் திருப்பிக் கேட்பார் என்பது மட்டும் கணக்கில் இருக்கட்டும்.